தொண்ணூற்றேழு மார்க் டிரைவர்

"இனிமே இந்த வீட்டில யாரு நல்லா வண்டி ஓட்டறாங்கன்னு வாய் முடிவு பண்ணக்கூடாது. மிஷின் முடிவு பண்ணட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் கூடத் தேய்க்காமல், கூடத்தின் நடுவில் நின்று கண்ணாடிக்காரர் இப்படி அறிவித்தார். வட்டாரத்தில் அவருக்கு அதுதான் பெயர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பதினெட்டு வருஷமாக ஊரார் கண்ணில் குறை கண்டுபிடிப்பது அவர் தொழில். வீட்டிலும் அதே தொழில்தான், ஆனால் அங்கே வியாபாரம் நடப்பதில்லை.

மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ஊசி போட்டு ரத்தம் எடுப்பாள். எடுத்தது தெரியாமல், "எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

"மிஷின் சொன்னா நீங்க கேப்பீங்களா?" என்றாள்.

"நான் எதுக்குக் கேக்கணும்? நீதான் கேக்கப் போறே."

விஷயம் இதுதான். வீட்டுக்குப் புதுக் கார் வந்து பத்து நாள் ஆகிறது. லைசென்ஸ் இரண்டு, ஸ்டியரிங் ஒன்று. பழைய கார் இருந்தவரை அவர்தான் ஓட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்தபடி வருவாள். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து மிதியடி ஓட்டையே விழுந்துவிட்டது. மூன்று வருஷம் முன்னால் அவளும் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அன்று முதல் இல்லாத பிரேக்கை மிதிப்பது அவர் முறை ஆயிற்று.

வருகிற சனிக்கிழமை மலைமேல் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். நாலு மணி நேரப் பயணம். அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, வாய்க்கு வாய் வம்பு இழுக்கிற பேர்வழி. "புது வண்டியை யாருப்பா ஓட்டிட்டு வர்றா, நீயா, உன் வீட்டம்மாவா?" என்று போனில் ஏற்கெனவே கேட்டாயிற்று. "நான் இருக்கையில வேற யாரு?" என்று இவரும் மார் தட்டியாயிற்று. மலையேறி, அந்த வாசலில், மாமாவின் கண்ணெதிரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து கம்பீரமாக இறங்கியாக வேண்டும். மானப் பிரச்சினை.

கல்லூரி போகிற மகள்தான் வழி சொன்னாள். போனில் ஒரு செயலி இருக்கிறதாம். போனைப் பையில் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினால், எங்கே திடீரென்று பிரேக் போட்டோம், எங்கே வெடுக்கென்று திருப்பினோம், எங்கே போனைத் தொட்டோம் என்று எல்லாவற்றையும் பார்த்து நூற்றுக்கு மார்க் போடுமாம். ஒவ்வொரு தப்புக்கும் வாய் திறந்து சொல்லவும் சொல்லுமாம்.

"யாரு ஓட்டறாங்கன்னு அதுக்கு எப்படிடா தெரியும்?" என்று அவர் கேட்டார்.

"தெரியாதுப்பா. வண்டி நகர்ந்தா எண்ண ஆரம்பிச்சிடும். ஆளைக் கண்டுபிடிக்கிற வசதி வேணும்னா தனியாப் பணம் கட்டணும்."

"வேண்டாம் வேண்டாம். நாம யாரும் திருடங்க இல்ல."

திங்கள், புதன் அவர் ஓட்டுவது. செவ்வாய், வியாழன் அவள். ஓட்டாத நாளில் செயலியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போக வேண்டும். அதிக மார்க் வாங்குகிறவருக்குச் சனிக்கிழமை சாவி. தோற்றவர் பக்கத்து சீட்டில் வாயைத் திறக்காமல் வர வேண்டும். இந்தக் கடைசி விதியை அவர்தான் சேர்த்தார். சேர்க்கும்போது முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம்.

திங்கட்கிழமை கிளம்பினார். பழைய காரில் ஒரு திருகு இருந்தது. திருகினால் காற்று வரும். புதுக் காரில் அதைத் தூக்கிவிட்டுத் தட்டு அகலத்தில் ஒரு திரை வைத்திருக்கிறார்கள். காற்று வேண்டுமானால் திரையைத் தொட வேண்டும், விசிறிப் படத்தைத் தேட வேண்டும், அதற்குள் அது "புதிய மென்பொருள் வந்திருக்கிறது, இப்போதே மாற்றவா?" என்று கேட்கும். வேண்டாம் என்றால் நாளைக்குக் கேட்கட்டுமா என்று கேட்கும். அதற்குள் சட்டை தெப்பலாகிவிடும். பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்தால், பைக்கும் பெல்ட் போடச் சொல்லிக் கூப்பாடு போடும். கண்ணாடிக்காரர் பைக்குப் பெல்ட் போட்டார்.

தெரு திரும்பியதுமே ஒருவன் இடதுபக்கம் விளக்குப் போட்டுவிட்டு வலதுபக்கம் திரும்பினான். பிரேக். "திடீர் பிரேக்," என்றது பையிலிருந்து ஒரு குரல். அடுத்தவன் விளக்கே போடவில்லை, தன் மனசில் நினைத்தது எல்லாருக்கும் தெரியும் என்று நம்பித் திரும்பினான். "திடீர் பிரேக்." இன்னொருவன் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, நாலு விளக்கையும் சிமிட்ட விட்டுவிட்டு, எதையோ வாங்கக் கடைக்குள் போயிருந்தான். அந்த நாலு விளக்கும் மினுக்கினால் ரோடு அவன் பேருக்குப் பட்டா ஆகிவிடும் போலிருக்கிறது. சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். முன்னால் ஒரு கிழட்டு வண்டி நத்தை மாதிரி ஊர்ந்தது. "ஓட்டத் தெரியலைன்னா வீட்டுல தூங்க வேண்டியதுதானே," என்று கத்தி, வெடுக்கென்று ஒடித்து முந்தினார். "அபாயகரமான திருப்பம்," என்றது பை.

சாயங்காலம் மார்க் வந்தது. நாற்பத்தொன்று.

"செயலியில கோளாறு," என்றார். "நான் போட்ட பிரேக் எல்லாம் அடுத்தவன் போட வெச்ச பிரேக். அதை யார் கணக்கில எழுதறது?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை அவள் ஓட்டினாள். அதே ரோடு, அதே ஜனங்கள். எண்பத்தெட்டு.

கண்ணாடிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடனே விதியைத் திருத்தினார். "சராசரி எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு. நீளம் தாண்டறவங்களுக்கு எப்படி? எது அதிகமோ அதுதான் கணக்கு. இதுவும் அப்படித்தான்."

"சரிங்க."

"என்ன சரி? உடனே சரிங்கறே?"

"நீங்கதானே சொன்னீங்க."

அவள் ஒத்துக்கொண்டதே அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நாற்பத்தொன்றை எண்பத்தெட்டுக்கு மேலே தூக்குவது எப்படி என்கிற கவலை அந்தப் பயத்தை அமுக்கிவிட்டது.

புதன்கிழமை காலை, கடை வாசலில் நின்று வாயில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் கடைக்கு எதிரே ஒரு வேகத்தடை. ரோடு போட்டவர்கள் மிச்சமிருந்த தாரை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு மேடு. அதில் ஏறுகிற ஒவ்வொரு வண்டியும் எகிறி விழும். அன்றைக்கு ஒரு வண்டி மட்டும் எகிறவில்லை. அலுங்காமல் ஏறி, குலுங்காமல் இறங்கி, கர்ப்பிணிப் பெண் படி இறங்குகிற பக்குவத்தில் போயிற்று. அது முட்டை வண்டி.

கண்ணாடிக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. செருப்பைக் கூடப் போடாமல் ஓடிப்போய் வண்டியை மறித்தார்.

முட்டைக்காரர் பழகினவர்தான். கிட்டப்பார்வைக் கண்ணாடி இவரிடம்தான் வாங்கினார். கோழிப் பண்ணையில் ஏற்றி, வழியெல்லாம் கடை கடையாக இறக்கிக்கொண்டு போவார்.

"அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை முட்டை உடையும்?"

"உடைஞ்சா என் சம்பளத்தில பிடிப்பாங்க. அதனால உடையாது."

"பிரேக்கே போட மாட்டீங்களா?"

"போடுவேன். ஆனா பிரேக்கைக் காலால போடக்கூடாதுங்க, கண்ணால போடணும். தூரத்தில என்ன வருதுன்னு பார்த்துட்டா, கால் எதுக்குப் பதறப் போகுது?"

கண்ணைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தையை ஒரு கண்ணாடிக்காரர் மனசில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. தன் போனை எடுத்து, காலையிலிருந்து திறக்காமல் வைத்திருந்த செயலியை ஓடவிட்டு, முட்டைக்காரர் கையில் வைத்தார்.

"இதை வண்டியில வெச்சிருங்க. சாயங்காலம் கொடுங்க. ஒரு கறுப்புக் கண்ணாடி தர்றேன், வெயிலுக்கு."

"எதுக்குங்க?"

"போனுக்கு ஒரு மாறுதல் வேணும்."

கொடுத்துவிட்டு வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு சும்மாவே இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். ஆசை தீர ஹாரன் அடித்தார். ஆசை தீர பிரேக் போட்டார். கேட்க ஒரு குரல் இல்லை. நடுநடுவே சட்டைப் பையில் போன் அதிர்கிற மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தால் வெறும் பை. அந்த ஒரு குறையைத் தவிர உலகமே இனித்தது.

சாயங்காலம் போன் வீடு திரும்பியது. தொண்ணூற்றேழு.

"பார்த்தியா?" என்று வாசலிலிருந்தே போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். "தொண்ணூத்தேழு. மலை ரோட்டில விட்டா நூத்துக்கு நூத்துப் பத்து வாங்குவேன்."

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். மார்க்குக்குக் கீழே அவர் போன வழியும் வரைபடமாக இருந்தது. இது அவருக்குத் தெரியாது. மென்பொருள் எழுதுகிறவர்கள் கேட்காததை எல்லாம் சேர்த்துக் கொடுப்பார்கள், கேட்டதை மட்டும் கொடுக்கமாட்டார்கள்.

"என்னங்க, முப்பத்தாறு இடத்தில நின்னிருக்கீங்க."

"அது... வழி விட்டேன். மத்தவங்களுக்கு."

"முப்பத்தாறு பேருக்கா?"

"மரியாதை தெரிஞ்சவன் வண்டி ஓட்டினா அப்படித்தான்."

"கோழிப் பண்ணைக்குள்ள போய் அரை மணி நேரம் நின்னிருக்கீங்களே. அங்க யாருக்கு வழி விட்டீங்க?"

"கோழிக்குத்தான். குறுக்கே வந்துச்சு."

"அரை மணி நேரமா?"

"நிறையக் கோழி."

மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மனைவி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஊசி போடும்போதும் அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"நல்ல மனசுங்க உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்று ராத்திரி ஆம்லெட். வியாழக்கிழமை காலை அவித்த முட்டை, ராத்திரி முட்டைக் குழம்பு. அவள் மார்க் தொண்ணூறு. வெள்ளிக்கிழமை மூன்று வேளையும் முட்டை. ஜெயித்த மயக்கத்தில் இருந்தவர் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கவே இல்லை. நாலாவது முட்டையில்தான், "என்ன, வீட்டில கோழி ஏதும் வளக்கறியா?" என்று கேட்டார்.

"தட்டுக் கணக்கில வாங்கிட்டேன். தீர்க்கணுமே," என்றாள்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு. தொண்ணூற்றேழு, தொண்ணூறு. மனைவி மறுபேச்சு இல்லாமல் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"ஒரே ஒரு விதிங்க. நீங்க ரெண்டு விதி போட்டீங்க, நான் ஒண்ணு போடக்கூடாதா?"

"பத்துப் போடு. ராஜா மாதிரி ஜெயிச்சவன் நான்."

"நாளைக்கு உங்க செயலி ஓடிட்டே இருக்கட்டும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினா சாவி என் கைக்கு வந்துடணும். அப்புறம் நீங்கதான் வாயைத் திறக்காம வரணும்."

அவர் தயங்கினார். ஒரு கணம்தான். தொண்ணூற்றேழு வாங்கின மனுஷன் தொண்ணூறுக்குப் பயந்தால் நன்றாகவா இருக்கும்? பயந்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் முட்டை உடைந்துவிடும்.

"தொண்ணூறு என்ன தொண்ணூறு," என்றார். குரல் மட்டும் கொஞ்சம் மெல்லிசாக வந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் இரண்டு பிரேக், ஒரு வெடுக். "தொண்ணூற்றொன்று," என்றது பை. இன்னும் மூன்றே முக்கால் மணி நேரப் பயணம் பாக்கி. கையிருப்பு ஒரே ஒரு மார்க்.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. கார் ரோட்டின்மேல் தவம் செய்தது. மலையடிவாரம் வந்தபோது வேகம் இருபது. முதல் வளைவில் பன்னிரண்டு. பின்னால் லாரி, லாரிக்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள். எல்லாருடைய ஹாரனும் சேர்ந்து மலையில் மோதித் திரும்பி வந்தது. ஒரு டிராக்டர் அவரை முந்தியது. டிராக்டர்காரர் போகும்போது பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார்.

"என்னங்க, வண்டியில ஏதாவது கோளாறா?" என்று மனைவி கேட்டாள்.

"தோத்தவ பேசக்கூடாது."

"சரிங்க."

முட்டை மாதிரி வேர்வை கோத்துக்கொண்டு நெற்றியில் நின்றது. காற்று வேண்டுமானால் திரையைத் தொட வேண்டும். திரையைப் பார்த்தால் ரோட்டைப் பார்க்க முடியாது. ரோட்டைப் பார்க்காவிட்டால் பிரேக். வேர்வையோடே ஓட்டினார். பதினொரு மணிக்கு அக்கா வீட்டில் இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆயிற்று. மாமா கூப்பிட்டார். போனைத் தொட்டால் மார்க் போய்விடும் என்று அவர் எடுக்கவில்லை. மாமா அடுத்து மகளின் போனுக்குக் கூப்பிட, அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"எங்கப்பா இருக்கீங்க?" என்றது மாமாவின் குரல். "நடந்து வர்றவங்க எல்லாம் வந்துட்டாங்க."

"மூணாவது வளைவு மாமா."

"மொத்தம் முப்பது வளைவு இருக்கு, தெரியுமில்ல?"

அந்த நேரத்தில், பின்னாலிருந்து பொறுமை இழந்த ஒரு கார்க்காரன் எப்படியோ பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினான். "யோவ், கண்ணு தெரியலைன்னா ஒரு நல்ல கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பாருய்யா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

இது மாமா காதிலும் விழுந்தது. போனில் அவர் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பதினெட்டு வருஷத் தொழில் கௌரவம் மூன்றாவது வளைவில் உருண்டு பள்ளத்தில் விழுந்ததைக் கண்ணாடிக்காரர் கண்ணாலேயே பார்த்தார்.

அடுத்த திருப்பத்தில் அகலமான இடம் வந்ததும் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். நாற்பது வண்டிகள் அவரைக் கடந்து போயின. ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போயிற்று.

"எனக்குக் கால் மரத்துப் போச்சு," என்றார். "கொஞ்சம் நீ ஓட்டேன்."

"அய்யோ, நானா? தொண்ணூறுதானே நான். உங்க அளவுக்கு எனக்கு வராதுங்க."

"பரவாயில்ல, ஓட்டு."

"கோழி குறுக்கே வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஓர் அவித்த முட்டையை எடுத்து, ஓடு உரித்து, அவர் கையில் கொடுத்தாள்.

"புதன்கிழமை பதினொரு மணிக்கு உங்களுக்குப் போன் பண்ணினேங்க. ஒருத்தர் எடுத்து, 'எத்தனை தட்டு வேணும்'னு கேட்டார். யாரு என்னன்னு விசாரிச்சேன். பாவம், நல்ல மனுஷர், மறைக்கத் தெரியல. ரெண்டு தட்டு சொல்லிட்டேன்."

கண்ணாடிக்காரருக்கு முட்டை தொண்டையில் அடைத்தது. மகள் தண்ணீர் கொடுத்தாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றார், பேச்சு வந்ததும்.

"சொல்லியிருந்தா? 'செயலி சரியில்ல, மறுபடி முதல்லேர்ந்து வெச்சுக்கலாம்'னு இருப்பீங்க. ஆயுசுக்கும் போட்டி நடத்திட்டே இருக்கணும். இப்ப நீங்களே சாவியைத் தர்றீங்க. நான் ஒண்ணும் கேக்கலியே."

ஆளுக்கு இரண்டு முட்டை தின்று முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவள் திரையை ஒருமுறை தட்டினாள். குளுகுளுவென்று காற்று வந்தது. கார் புறப்பட்டதே தெரியவில்லை; "புதிய பயணம்," என்று அவர் பை சொன்னதுதான் அடையாளம். வளைவுகள் தாமே வந்து தாமே விலகின. எதிரே பஸ் வந்தால், அது வருவதற்கு முன்னாலேயே இவள் ஒதுங்கியிருந்தாள். பின்னால் ஒரு ஹாரன் இல்லை. பின்சீட்டில் மகள் தூங்கிவிட்டாள்.

ஆனால் கண்ணாடிக்காரருக்குத் தூக்கம் எப்படி வரும்? இன்னும் கொஞ்ச தூரத்தில் அக்கா வீடு. வாசலில் மாமா நிற்பார். கடைசி வளைவையாவது தான் ஓட்டிக்கொண்டு போய் இறங்கினால் மானம் தப்பும். கேட்கலாம் என்றால் வாயைத் திறக்கக்கூடாது. கையால் ஸ்டியரிங் சுற்றிக் காட்டினார். தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். கும்பிட்டும் காட்டினார்.

"நெஞ்சு கரிக்குதா? முட்டை அதிகமாப் போச்சு," என்றாள். "இதோ வந்தாச்சுங்க, அக்காகிட்ட கொஞ்சம் வெந்நீர் கேக்கலாம்."

வந்தேவிட்டது. வாசலில் அக்கா, பக்கத்தில் மாமா, அவர் கையில் போன். வண்டி வந்து நிற்பதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கார் அலுங்காமல் நின்றது. மனைவி ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து இறங்கினாள். கண்ணாடிக்காரர் மறுபக்கக் கதவைத் திறந்து, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்தபடி இறங்கினார்.

"அடடே," என்று மாமா ஆரம்பித்தார்.

அவர் முடிப்பதற்குள் கண்ணாடிக்காரரின் சட்டைப் பை பேசியது. செயலியை நிறுத்த அவர் மறந்துபோயிருந்தார்.

"பயணம் முடிந்தது. தொண்ணூற்றெட்டு மதிப்பெண். வாழ்த்துகள். இதுவரை நீங்கள் ஓட்டியதிலேயே சிறந்த பயணம் இதுதான்."

மாமா போனைத் தாழ்த்திக்கொண்டு அவரைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி மரத்தைப் பார்த்தார்.

மனைவி சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடிக்கொண்டே சொன்னாள்: "பார்த்தீங்களா? பக்கத்து சீட்டில உக்காந்தா எவ்வளவு நல்லா ஓட்டறீங்க."